பாக்கெட்டில் என் ஃபிரேமின் எண், உள்ளே வேறு ஹேங்கர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உதிரி ஹேங்கர் மாறி வந்தது குறித்த புகார்

ஐயா / அம்மா,

சரளைப் பாதைகளுக்கான உங்கள் கிராவல் சைக்கிளை வாங்கியபோதே அதற்கான உதிரி ஹேங்கரையும், அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சிறு துண்டையும், சேர்த்து வாங்கினேன். 1,200 கிலோமீட்டர் போட்டி ஒன்றின் நான்காம் நாள் இரவு, மழையில், அந்தப் பாக்கெட்டைப் பிரித்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் என் ஃபிரேமின் எண் சரியாகவே இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு ஏதோ ஃபிரேமுக்கு உரியது. என் ஃபிரேமில் இரண்டு திருகு. கையில் இருந்த துண்டில் ஒரே துளை.

சரளைப் பாதையில் சறுக்கி வலப்பக்கமாக விழுந்ததில் பழைய ஹேங்கர் முறிந்திருந்தது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அடிபட்டால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் முறிய வேண்டும் என்றுதான் அதை மெல்லிய அலுமினியத்தில் செய்கிறீர்கள். முறியும் என்று தெரிந்த பாகம் என்பதால்தானே உதிரியைச் சுமந்துகொண்டு போகிறோம்!

பின் கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டிச் சுருக்கி, ஒரே கியரில் ஓட்டப் பார்த்தேன். உங்கள் ஃபிரேமில் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. அதனால் செயினை இழுத்துப் பிடிக்க வழியில்லை. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்குத் தாவி இறுகிவிடும். திரும்ப இறக்கி மாட்ட வேண்டும். இப்படியே 60 கிலோமீட்டர், பாதி தூரம் தள்ளிக்கொண்டு. விடிந்தபோது முழங்கால் மடக்க முடியாமல் வலித்தது. போட்டியிலிருந்து விலகினேன். ஒரு வருடம் இதற்காகவே பயிற்சி எடுத்திருந்தேன்.

புகார் கொடுத்தபோது உங்கள் பிரதிநிதி, "தெரிந்தவர் யாரிடமாவது சொல்லிக் கொண்டுவரச் செய்திருக்கலாமே" என்றார். இது வெளியுதவி இல்லாத போட்டி. வழியில் எல்லோருக்கும் திறந்திருக்கும் கடையில் வாங்கலாம், விடுதியில் தங்கலாம். நண்பர் வந்து ஒரு திருகைக் கொடுத்தாலும் என் ஓட்டம் கணக்கில் சேராது. நீங்களே இந்த சைக்கிளை டூர் டிவைடு என்ற சைக்கிள் போட்டியின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறீர்கள். கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை சுமார் 4,400 கிலோமீட்டர், அங்கும் இதே விதிதான். அது உங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வழியில் கடை இருந்ததா என்றும் கேட்டார். இருந்தது, 85 கிலோமீட்டர் தள்ளி. அங்கே உங்கள் ஹேங்கர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. 2019-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் பல ஃபிரேம்களுக்கும் பொருந்தும் பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது. உங்கள் ஃபிரேமோ இன்னும் தனக்கென்று ஒரு வடிவத்தில்தான் வருகிறது. அது உங்கள் முடிவு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறு எங்கும் கிடைக்காத பாகம் என்றால், சரியானதைப் பாக்கெட்டில் போட்டுத் தரும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

கிளம்புமுன் நான் பிரித்துப் பார்த்திருக்கலாம்தான். முத்திரையும் எண்ணும் சரியாக இருந்ததால் நம்பினேன்.

ஹேங்கரின் விலையைத் திருப்பித் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது அது மட்டும் அல்ல. அதே தொகுதியில் பாக்கெட் செய்தவற்றைத் திறந்து சரிபாருங்கள். வாங்கியவர்கள் எல்லோருக்கும் எழுதி, இப்போதே பிரித்து ஃபிரேமில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் அதைப் பையின் அடியில் போட்டுக்கொண்டு ஆளில்லாத மலைப்பாதைக்குப் போகிறார்களோ தெரியாது. நானாவது நடந்து வெளியே வர முடிகிற இடத்தில் இருந்தேன்.

பாக்கெட்டையும் உள்ளே இருந்த துண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன். படங்களை இணைத்துள்ளேன். தொகுதி எண் சீட்டின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டீர்களா என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்