லேசருக்கு முன்னால்

அன்புள்ள கண்மணிக்கு,

முகத்து முடியைக் குறைக்க லேசர் செய்துகொள்ளப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கமே வரவில்லை. வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை, செய்துகொள். ஆனால் அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்துவிடு.

தாடையிலும் கழுத்திலும் முரட்டு முடி இந்த இரண்டு வருடமாகத்தான் வருகிறது என்றாய். மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றாய். இரண்டும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், தைராய்டு எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். உள்ளே ஆண் ஹார்மோன் கூடுதலாக இருந்தால், லேசர் ஒரு பக்கம் முடியைக் குறைக்கும், மறுபக்கம் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மெஷின். முடியில் இருக்கும் கருமைதான் லேசர் ஒளியை இழுத்துச் சூடாகி வேரைக் கருக்குகிறது. அதே கருமை நம் தோலிலும் இருக்கிறதே! ஒளி அங்கேயே தங்கினால் தோல் சுட்டு, கறுத்துப்போகும். நம்மைப் போன்ற நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது. அது ஆழமாக இறங்கும், மேல்தோலில் குறைவாகவே தங்கும். என்ன மெஷின் என்று கூச்சப்படாமல் கேள். ஐபிஎல் என்றால் அது லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. உனக்கு அது வேண்டாம். தாடைக்கு அடியில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்து, சில நாள் பொறுத்து, தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு மீதியைச் செய்யச் சொல். நான் ஒரு முறை அவசரப்பட்டு, கையில் தடவிப் பார்க்காமல் முடி நீக்கும் க்ரீமை உதட்டின் மேல் பூசினேன். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கானது.

கன்னத்தில் இருக்கும் பூனைமுடியைத் தொட விடாதே. முகத்தில் மெல்லிய முடி மேல் லேசர் பட்டு, அதுவே தடித்து வளர்வது உண்டு. நம் நிறத்துப் பெண்களுக்கும் பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கும் அது நடக்க வாய்ப்பு அதிகம். முரட்டு முடி இருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்.

ஒரே தடவையில் முடியாது. வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டும்தான் லேசருக்கு மடங்கும், உறங்கும் வேர்கள் தப்பிவிடும். அதனால் முகத்துக்கு நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங்காவது ஆகும். அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மருந்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதை நிரந்தரமாகக் "குறைப்பது" என்றுதான் சொல்ல விடுகிறது, "நீக்குவது" என்று அல்ல. என் தாடையில் இருக்கும் நரைமுடி லேசரின் கண்ணுக்கே படாது. அதற்கு ஒவ்வொரு வேராக ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோலிசிஸ்தான். 1875இல் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கண்ணைக் குத்தும் இமைமுடிக்காகக் கண்ட வழி அது.

சிட்டிங்குகள் நடக்கும் காலத்தில் த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது. முதல் தடவைக்கு முன்னால் நாலு வாரமாவது நிறுத்திவிடு. வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கு வேலை. இடையில் ஷேவ் மட்டும் செய்யலாம். இதை எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பிளேடு பட்டால் தடித்து வளரும் என்று பதின்மூன்று வயதில் உன்னைப் பயமுறுத்தி, நூலைப் பிடித்து நானே உதட்டு முடியைப் பிடுங்கினேன். நீ அழுதாய். ஷேவ் செய்தால் முடி தடிப்பதில்லை என்று 1928இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்களாம். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால்தான் சொரசொரக்கிறது. அப்போது எனக்கு அது தெரியவில்லை, கண்ணு. அது என் தப்புதான். அந்த முடியைப் பார்த்து முகம் சுளித்த முதல் ஆளும் நான்தான். அதற்கும் மன்னித்துவிடு.

வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன் பூசு. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடாமல் மெஷினை ஆரம்பிக்க விடாதே. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. முதல் சிட்டிங்குக்கு நான் வரட்டுமா? தேதி மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா