திரையைத் திருப்பிக் காட்டியவர்களுக்கு

அன்புடையீர்,

முதல் நன்றி, கண் பரிசோதனை அறையில் இருந்த அந்த அம்மாவுக்கு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்ததோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் திரையை என் பக்கம் திருப்பி, "இதைப் பாருங்கள் ஐயா" என்றீர்கள். மருந்தின் மங்கலில் எனக்குப் பிடிபடவில்லை என்றதும் படத்தைப் பெரிதாக்கினீர்கள். நாளங்களின் ஓரமாகப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் மெழுகு தெறித்தாற்போல் மஞ்சள் திட்டு. சிவப்பு, நுண்ணிய நாளத்தின் சுவர் புடைத்த இடம். மஞ்சள், அதிலிருந்து கசிந்த கொழுப்பு. சர்க்கரை நோய் இருந்தும், பார்வையில் ஒரு குறையும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தவன் நான். உடலைத் திறக்காமல் இரத்த நாளங்களை நேராகப் பார்க்க வழிவிடும் இடம் கண்தான் என்பது அன்றுதான் புரிந்தது.

அடுத்து, என் சர்க்கரை நோய் மருத்துவருக்கு. "கண் போகும், கால் போகும், கிட்னி போகும்" என்று மிரட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மிரட்டலுக்குப் பயந்து ஒழுங்காக மாத்திரை போட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நீங்களோ நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்கள். சர்க்கரை உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, நாளங்கள் மட்டும் ஏன் இப்படி அடிபடுகின்றன என்றேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழாய் வரைந்தீர்கள், உட்சுவரில் ஒரே அடுக்காகச் செல்கள். தசைச் செல், இன்சுலின் சொன்னால்தான் குளுக்கோஸுக்குக் கதவை அகலத் திறக்கும். நாளத்தின் உட்சுவர்ச் செல்லுக்கு அந்தக் காவல் இல்லை. இரத்தத்தில் ஏற ஏற அதற்குள்ளும் ஏறும். அத்தனையையும் எரிக்கப் போய், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. நாளத்தைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சர்க்கரை புரதங்களில் ஒட்டி, கொலாஜன் இழைகளைப் பிணைத்து, சுவரை விறைக்க வைக்கிறது. பெரிய நாளங்களில் இந்தக் காயத்தின் மேல் கொழுப்பு படிகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. விழித்திரையிலோ, நுண்குழாயை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் செல்கள் மடிந்து, பிடி விட்ட இடம் புடைத்துக்கொள்கிறது.

இன்னொன்றுக்கும் தனியாக நன்றி. என் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c அளவு 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும் என்று நான் துடித்தேன். வெகுகாலம் உயர்ந்திருந்த சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் விழித்திரை சிறிது காலம் மோசமாகலாம் என்று சொல்லி, படிப்படியாக இறக்கினீர்கள். உங்கள் பொறுமை அன்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்து, அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் விளக்கிய ஆய்வகத் தம்பிக்கும், கண்களை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டு "தெரிகிறதா?" என்று கேட்ட செவிலியருக்கும் நன்றி.

நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். சர்க்கரையை இறக்கினால் நாளங்கள் பிழைக்குமா என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களிடையே தீராத வாதம். 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை சர்க்கரை நோயுள்ள 1,441 பேர் ஆய்வுக்குத் தங்களைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் தினமும் பலமுறை விரலில் குத்திப் பார்த்து, மூன்று ஊசியோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டார்கள், அல்லது இன்சுலின் பம்பை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பிரிவில், விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. என்னைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களுக்கு 1977இல் தொடங்கிய பிரிட்டன் ஆய்வு விடை தந்தது; அதில் சேர்ந்தவர்கள் 5,102 பேர். சிறு நாளச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்ததாக 1998இல் முடிவு வந்தது. இரத்த அழுத்தத்தையும் சேர்த்தே அடக்க வேண்டும் என்று காட்டியதும் அதே ஆய்வுதான். என் மாத்திரைப் பெட்டியில் அழுத்த மாத்திரை இருப்பதற்குக் காரணமானவர்களில் அவர்களும் உண்டு.

இப்போது இங்கே நடக்கும் ஒரு பாத ஆய்வுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த நீளமான ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டிய அலுவலருக்கும் இதிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் நோயாளி