ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதல் ஆறு வாரம் கண்காணிப்பு வேணும் – கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை – 9.

அனுப்புநர்: தென் மாவட்டத்துல ஒரு தாலுகா தலைமை ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கற மருந்தாளுநர், கூடவே கையெழுத்து போட்டிருக்கற கஸ்டமர்கள், அவங்க குடும்பத்தார்.

பொருள்: பைபாஸ், வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற அழற்சியையும் தொற்றையும் ஊர்லயே சீக்கிரம் கண்டுபிடிக்க ஏற்பாடு பண்ணச் சொல்லி.

ஐயா / அம்மா, வணக்கம்.

மனு நடையில எழுதினா நான் சொல்ல வர்றது பாதி காணாமப் போயிடும், அதனால கடையில பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்துக்கிட்டு எங்க பக்கத்துல இருந்து மதுரைக்கும் சென்னைக்கும் போயி பைபாஸ் பண்ணிக்கறவங்க, வால்வு மாத்திக்கறவங்க, குழந்தைக்கு இதயத்துல ஓட்டை அடைச்சுட்டு வர்றவங்கன்னு நெறைய பேர் இருக்காங்க. முன்னாடியெல்லாம் நிலத்த வித்துதான் இதப் பண்ண முடியும், இப்ப அப்படி இல்ல, அதுல அரசாங்கத்த குறை சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸோ காரோ ஏறி ஊருக்கு வந்து இறங்கின நிமிஷத்துல இருந்து அடுத்த ரிவ்யூ வரைக்கும் அவங்க யாரோட கணக்குலயும் இல்ல. சிக்கல் கிளம்பறது முக்கால்வாசி அந்த இடைப்பட்ட வாரங்கள்லதான்.

இதயத்த சுத்தி ஒரு உறை இருக்கு, பெரிகார்டியம்னு சொல்வாங்க. ஆபரேஷனுக்கு அத வெட்டித் திறந்தாகணும். சில பேருக்கு அதுக்கு உடம்பே எதிர்ப்பு காட்டி, ஒன்னுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள அந்த உறையிலயும் நுரையீரல் உறையிலயும் அழற்சி வந்து தண்ணி கோத்துக்கும். போஸ்ட் பெரிகார்டியாட்டமி சிண்ட்ரோம்னு பேரு. இது கிருமியால வர்றது இல்ல, ஆன்டிபயாட்டிக்கு அடங்காது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுது, நூத்துல 10ல இருந்து 40 பேர் வரைக்கும் சொல்றாங்க, பெரும்பாலானவங்களுக்கு லேசா வந்து போயிடும். ஆனா தண்ணி ஜாஸ்தியாகி இதயத்த அமுக்க ஆரம்பிச்சா டாம்பனேட், அது உயிர் போற எமர்ஜென்சி. வால்வு மாத்திட்டு, ரத்தம் உறையாம இருக்கறதுக்கான அசிட்ரோம் மாத்திரை போடறவங்களுக்கு இந்த பயம் இன்னும் கூடுதல்.

எங்க ஊர்ல இது எப்படி போகுதுன்னு சொல்றேன். ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், பைபாஸ் முடிச்சு மூணாவது வாரம் கடைக்கு வந்தாரு, சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல், மூச்ச இழுத்தா நெஞ்சு குத்துது, மல்லாக்க படுக்க முடியல, முன்னாடி குனிஞ்சு உக்காந்தாதான் நிம்மதியா இருக்குன்னு சொன்னாரு. எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்கச் சொல்லி அனுப்பினேன். பக்கத்துல ஒரு கிளினிக்குல வைரல் ஃபீவர்னு ஊசி போட்டாங்க, நாலு நாள் கழிச்சு வேற இடத்துல நிமோனியான்னு அதவிட பெரிய ஆன்டிபயாட்டிக். கடைசியில மூச்சு வாங்கி 108ல ஏத்திட்டுப் போயி, மெடிக்கல் காலேஜ்ல எக்கோ எடுத்து, இதயத்த சுத்தி இருந்த தண்ணிய ஊசி போட்டு எடுத்தாங்க, பொழச்சுட்டாரு. அந்த டாக்டர்களையும் திட்ட முடியாதுங்க, ஒரு நாளைக்கு நூறு காய்ச்சல் பாக்கறவங்களுக்கு சட்டைக்குள்ள இருக்கற தழும்பு எங்க தெரியப் போகுது.

இதுல எனக்கு ரெண்டு பயம். ஒன்னு டைக்ளோபினாக். உடம்பு வலின்னா கையோட போடற ஊசி அதுதான். பைபாஸ் பண்ணவங்களுக்கு ஆபரேஷன ஒட்டின நாள்ல அந்த வகை வலி மருந்து ஆகாதுன்னு மருந்தோட விவரத்தாள்லயே இருக்கு, அசிட்ரோம் போடறவருக்குப் போட்டா ரத்தக்கசிவு வேற. இன்னொன்னு, காய்ச்சல் நிஜமாவே கிருமியால வந்திருந்தா என்னாகும்ங்கறது. மாத்தின வால்வுல தொற்று புடிச்சா அத உறுதி பண்ண பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட், வேணும், அதுவும் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, தனித்தனியா மூணு தடவையாவது ரத்தம் எடுக்கணும். இங்க ரெண்டு நாள் அசித்ரோமைசின், மூணு நாள் செஃபிக்சிம்னு அரைகுறையா போட்டுட்டுப் போறாங்க, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில கல்ச்சர் எடுத்தா கிருமி வளராது, என்ன மருந்து குடுக்கறதுன்னே தெரியாம டாக்டருங்க முழிக்கணும். நெஞ்செலும்புக்குப் பின்னாடி சீழ் புடிக்கறதும் இருக்கு, சுகர் இருக்கறவங்களுக்கு அது ஜாஸ்தி, இருமும்போது எலும்பு டக்குனு ஆடற மாதிரி இருக்கும், தையல்ல தண்ணி கசியும், காய்ச்சலே இல்லாமக்கூட வரும். சின்னக் குழந்தைங்க நெஞ்சு வலின்னு சொல்லாது, வாந்தி எடுத்துட்டு சோர்ந்து கெடக்கும், வீட்ல அஜீரணம்னு ஓமத்தண்ணி குடுத்துட்டு இருப்பாங்க.

யாருக்கு சிக்கல்னு முதல்ல சந்தேகப்பட பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சிஆர்பின்னு உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஒரு ரத்த டெஸ்ட், எந்த ஆபரேஷன் பண்ணாலும் அது ஏறும், ரெண்டு மூணு நாள்ல உச்சிக்குப் போயி அப்புறம் இறங்கிட்டே வரும். இறங்கினது திரும்ப ஏறுதுன்னா உள்ள ஏதோ நடக்குது. அதனால ஒரு தடவை பாத்த நம்பர் மட்டும் பத்தாது, டிஸ்சார்ஜ் அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். எங்க கடைக்கு வர்ற டிஸ்சார்ஜ் சம்மரியில ஸ்டென்ட் நம்பர், வால்வு சைஸ் எல்லாம் இருக்கு, இந்த ஒரு நம்பர நான் பாத்ததே அபூர்வம். சிஆர்பி மட்டும் வச்சு அழற்சியா தொற்றான்னு பிரிக்க முடியாது, அதுக்கு எக்கோவும் கல்ச்சரும் டாக்டரும் வேணும், ஆனா யார அனுப்பணும்னு அது சொல்லிடும்.

வைத்தியமும் சீக்கிரம் புடிச்சா சுலபம். ஆஸ்பிரின் மாதிரி அழற்சிய அடக்கற மருந்து, கூட கொல்கிசின், யூரிக் ஆசிட்டுக்கு நான் தினமும் குடுக்கற அதே சின்ன மாத்திரை. இத்தாலியில 360 பேர வச்சுப் பண்ணி 2010ல வெளியான ஆய்வுல, ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது நாள்ல இருந்து கொல்கிசின் குடுத்தவங்கள்ல நூத்துக்கு 9 பேருக்குதான் இந்த சிண்ட்ரோம் வந்துச்சு, குடுக்காதவங்கள்ல 21 பேருக்கு. அதுக்காக எல்லாருக்கும் குடுங்கன்னு நான் கேக்கல, வயித்தால போகும், கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஆகாது, அத முடிவு பண்ண வேண்டியது இதய டாக்டர்கள்.

நாங்க கேக்கறது இதுதான். காப்பீட்டுத் திட்டத்துல ஹார்ட் ஆபரேஷன் பண்ற எல்லா ஆஸ்பத்திரியும், அரசு தனியார் ரெண்டும், டிஸ்சார்ஜ் அன்னிக்கு சிஆர்பி, எக்கோ ரிசல்ட்ட சம்மரியில கட்டாயம் எழுதணும். ரெண்டாவது வாரமும் நாலாவது வாரமும் அந்தந்த மாவட்ட தலைமை மருத்துவமனையிலயே சிஆர்பி, இசிஜி, எக்கோ மூணையும் அதே அட்டையில இலவசமா பாக்கற மாதிரி ஃபாலோ-அப் பேக்கேஜ்ல சேக்கணும். ஒரு எக்கோவுக்காக நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நாலு மணி நேரம் பஸ்ல போறது எந்த நியாயத்துல சேத்திங்க?

அடுத்தது பின்தொடர்றது. கர்ப்பிணிகளுக்கு பிக்மி நம்பர்னு ஒரு பதிவு எண் போட்டு கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போற பழக்கம் நம்ம மாநிலத்துல ஏற்கனவே இருக்கு. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பிரஷர், சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வருது. அதே ஆளுங்க கையில புதுசா ஆபரேஷன் ஆனவங்க லிஸ்ட்ட குடுத்தா வாரம் ஒரு தடவை காய்ச்சல், தையல், மூச்சு, படுத்துத் தூங்க முடியுதான்னு நாலு கேள்வி கேட்டுட்டு வந்துடுவாங்க. அவங்களுக்கும் வேலை மேல வேலை ஏத்தறோம்னு தெரியும், அதுக்கு ஊக்கத்தொகையும் சேத்தே குடுங்க. இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல நெஞ்சு வலிக்கு முதல் டோஸ் மாத்திரை குடுக்கப் பழக்கின மாதிரி, ஆபரேஷன் ஆனவர் காய்ச்சல்னு வந்தா ஆன்டிபயாட்டிக்கும் டைக்ளோபினாக்கும் போடறதுக்கு முன்னாடி யாருக்கு ஃபோன் பண்ணணும்ங்கறதையும் பழக்கணும். ராத்திரி கூப்பிட்டா 104 மருத்துவ ஆலோசனை நம்பர்ல பதில் சொல்றவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

கடைசியா ஒரு கார்டு. மஞ்சள் கலர்ல, பர்ஸ்ல வைக்கற சைஸ்ல, தமிழ்ல பெரிய எழுத்துல, "எனக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு"ன்னு ஆரம்பிச்சு, தேதி, என்ன ஆபரேஷன், அசிட்ரோம் போடறாரா, என்ன அறிகுறி வந்தா உடனே எக்கோ எடுக்கணும்னு. அத கிளினிக்குலயும் மெடிக்கல்லயும் நீட்டினா போதும், யாரும் வாய் திறந்து விளக்க வேண்டியதில்ல. மாதிரி ஒன்னு நானே எழுதி இதோட இணைச்சிருக்கேன், தப்பிருந்தா உங்க டாக்டர்கள் திருத்திக்கட்டும்.

"உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டது"ன்னு மட்டும் பதில் போடாம, எந்த அலுவலகத்துக்குப் போகுது, யார விசாரிக்கணும்னு தெரியப்படுத்தினா நாங்களே நேர்ல வந்து பேசறோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநரும் கையெழுத்திட்டவர்களும்

இணைப்பு: கார்டு மாதிரி, கையெழுத்துப் பட்டியல்
நகல்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட இயக்குநர் அலுவலகம்