‘குணசாலியான ஸ்திரீ’ அடக்கமானவள் என்று எங்கே எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமம் காட்டும் நற்குணங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை ‘அடக்கமும் பொறுமையும் உள்ள இல்லத்தரசிக்கு இலக்கணம்’ என்று முடித்திருந்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணப் பிரசங்கத்தில் தொடங்கி கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரை, அந்த அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தில் வரும் ‘குணசாலியான ஸ்திரீ’ என்றால் வாய் பேசாத பெண் என்றே நம் சபைகளில் பலர் புரிந்துவைத்திருக்கிறார்கள். அந்த அதிகாரமோ வேறு ஒருத்தியைக் காட்டுகிறது.

முதலில் சொல். மூல மொழியான எபிரெயத்தில் அது ‘எஷெத் ஹயில்’. ‘எஷெத்’ என்றால் இன்ன தன்மையுள்ள பெண். அதில் சிக்கல் இல்லை. ‘ஹயில்’ என்பதற்குப் பலம், படை, செல்வம், திறமை என்று பொருள் விரிகிறது. யாத்திராகமம் 14-இல் செங்கடல் வரை துரத்தி வந்த பார்வோனின் சேனையைக் குறிப்பதும் இதே சொல்தான். நம் பழைய தமிழ் வேதாகமம் இதை எங்கெங்கே எப்படிப் பெயர்த்திருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியாயாதிபதிகள் 6:12-இல் கிதியோனுக்கு: ‘பராக்கிரமசாலியே’. ரூத் 2:1-இல் போவாசுக்கு: ‘மிகுந்த ஆஸ்திக்காரன்’. யாத்திராகமம் 18:21-இல் மோசே நியமிக்க வேண்டிய தலைவர்களுக்கு: ‘திறமையுள்ள மனிதர்’. ரூத் 3:11-இலும் நீதிமொழிகள் 12:4, 31:10-இலும் பெண்ணுக்கு வரும்போது மட்டும் ‘குணசாலி’. கிதியோனுக்கும் போவாசுக்கும் ‘கிப்போர்’ என்ற வீரச்சொல் கூடச் சேர்ந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ‘ஹயில்’ எல்லா இடத்திலும் ‘ஹயில்’தான். ஆணிடம் இருந்தால் பராக்கிரமம், பெண்ணிடம் இருந்தால் குணம் என்று அது பிரிந்தது மொழிபெயர்ப்பில்.

‘குணசாலி’ மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. குணம் நிறைந்தவள் என்பதே அதன் நேர்ப்பொருள். பேச்சுவழக்கில் அது ‘தங்கமான குணம், இருக்கிற இடம் தெரியாது’ என்கிற அளவுக்குச் சுருங்கிப்போனதுதான் வினை.

31:29-இல் கணவன் சொல்லும் பாராட்டும் அப்படியே. ‘அநேகம் பெண்கள் குணசாலிகளாயிருந்ததுண்டு’ என்று தமிழில் வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது ‘ஹயில் செய்தார்கள்’ என்ற வினை. இதே தொடர் சங்கீதம் 60:12-இல் வரும்போது ‘தேவனாலே பராக்கிரமஞ்செய்வோம்’ என்று போர் முழக்கமாகிவிடுகிறது. கவிதை நெடுக இந்த வாடை அடிக்கிறது. 11-ஆம் வசனத்தின் ‘சம்பத்து’ மூலத்தில் போரில் பிடித்த கொள்ளைப் பொருளைக் குறிக்கும் சொல். 15-இல் அவள் வீட்டாருக்குக் கொடுக்கும் ‘ஆகாரம்’ சிங்கம் கொண்டுவரும் இரைக்குரிய சொல். 27-இல் ‘கண்ணோக்கமாயிருக்கிறாள்’ என்பது கோபுரத்தில் நிற்கும் காவற்காரனுக்குரிய வினை.

அடுத்தது, எந்த வசனங்கள் வாசிக்கப்படுகின்றன என்பது. திருமண ஆராதனையில் பிரசங்கத்துக்குக் கிடைப்பது கால் மணி நேரம். 10, 12, 15, 27, 30 ஆகியவற்றை எடுத்தால் விடிகாலையில் எழுந்து வீட்டைப் பார்க்கும் ஒரு மருமகள் கிடைப்பாள். விட்டுப்போவது எவை? தூரதேசத்துச் சரக்குக்கு அவளைக் கப்பலோடு ஒப்பிடும் 14. வயலை விசாரித்து வாங்கி, தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடும் 16. தன் வியாபாரம் லாபமானது என்று அவளே கணக்குப் பார்க்கும் 18. புடவை நெய்து விற்று, கச்சைகளை வர்த்தகரிடம் ஒப்புவிக்கும் 24. வாயைத் திறந்து போதிக்கும் 26. ‘வாய் பேசாதவள்’ என்ற எண்ணம் இந்தக் கடைசி வசனத்தை ஒருமுறை சத்தமாக வாசித்தாலே நிற்காது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களையும் ஒரு பெண்ணின் அன்றாட வேலைப் பட்டியலாக்கி, இருட்டோடே எழ வேண்டும், இரவில் விளக்கும் அணையக் கூடாது, அப்படியானால் தூங்கவே கூடாது என்று வாட்டுவது. இது அகரவரிசைக் கவிதை. நம் ஆத்திசூடியைப் போல, எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளும் ஆலெப் முதல் தாவ் வரை வசனத்துக்கு ஒன்றாகத் தொடங்கும். ஒரு வாழ்நாளை ‘அ’ முதல் ‘ன்’ வரை அளந்து பார்த்ததே தவிர, ஒரு நாளின் நேர அட்டவணை அல்ல. அணையாத விளக்கு எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத, செழிப்பான வீட்டின் அடையாளம். துன்மார்க்கருடைய தீபம் அணைந்துபோம் என்று இதே நூலின் 13:9 சொல்வதைச் சேர்த்து வாசித்தால் விளங்கும். அவளுக்கு வேலைக்காரிகளும் இருந்தார்கள் என்று 15-ஆம் வசனமே சொல்கிறது. யூதக் குடும்பங்களில் வெள்ளி இரவு ஓய்வுநாள் பந்தியில் இதைப் பாடுவது கணவனின் வழக்கம். அங்கே இது அவளுக்குச் செலுத்தும் புகழ்ச்சி. நம்மிடையே அவளுக்குக் கொடுக்கும் கட்டளையாகிவிட்டது.

(19-ஆம் வசனத்து ‘இராட்டினம்’ அந்தக் காலத்து இஸ்ரவேலில் இல்லை, கையில் சுழற்றும் தக்ளிதான் இருந்தது. மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த கருவியைப் போட்டிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை.)

சரி, தாழ்மை எங்கே? இந்த 22 வசனங்களில் ‘தாழ்மை’ என்ற சொல்லே இல்லை. அவளுடைய தாழ்மை 30-ஆம் வசனத்தில் ‘கர்த்தருக்குப் பயப்படுகிற’ என்பதற்குள் இருக்கிறது. இதே நூலின் 22:4 இவ்விரண்டையும் இணைத்தே பேசுகிறது. அது தேவனுக்கு முன்னான தாழ்மை. மாமியார் முன்னால் தலைகுனிந்து நிற்பதல்ல.

மனிதருக்கு முன்னான தாழ்மையை வேதம் முதலில் கேட்பது அதிகாரம் உள்ளவனிடம். உபாகமம் 17:16-20-ஐப் பாருங்கள். ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக் கூடாது. லேவியரிடமுள்ள நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்கென ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். எதற்காக? தன் சகோதரருக்கு மேலாக அவன் இருதயம் உயராதபடிக்கு. ‘பணிவாக இரு’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. லாயத்தையும் கஜானாவையும் அந்தப்புரத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. நீதிமொழிகளோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் சாலொமோனே மூன்றிலும் தோற்றான்: ஆண்டுக்கு 666 தாலந்து பொன், 12,000 குதிரைவீரர், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்று 1 இராஜாக்கள் 10, 11-இல் கணக்கு இருக்கிறது. யூதேயாவில் அதிபதியாயிருந்த நெகேமியா தேறினான். முந்தின அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் வாங்கியதோடு 40 சேக்கல் வெள்ளியும் பிடுங்கினார்கள். அவனோ 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காமல், தன் பந்தியில் 150 பேருக்குச் சாப்பாடு போட்டான் (நெகேமியா 5:14-18).

நீதிமொழிகள் 31-உம் ஒரு ராஜாவுக்குச் சொன்ன புத்தியோடுதான் தொடங்குகிறது. லேமுவேலுக்கு அவன் தாய் சொன்னது: குடியை விடு, ஊமையனுக்காக உன் வாயைத் திற, எளியவனுக்கு நியாயஞ்செய். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்த முதல் ஒன்பது வசனங்களைப் பிரித்து வேறிடத்தில் வைத்திருப்பதால், இரண்டும் தனித்தனிப் பாடல்கள் என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். நம் கையில் இருக்கும் அதிகாரத்தில் மாப்பிள்ளைக்கான பகுதி முதலில் வருகிறது. அதைத் தாண்டி நேரே 10-ஆம் வசனத்துக்குக் குதிப்பதில்தான், ஆணுக்குச் சொன்ன அடக்கம் பெண் தலையில் போய் விழுகிறது.

1 பேதுரு 3:4-இல் ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’ பெண்களுக்குச் சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே வரும் ‘சாந்தம்’ மத்தேயு 11:29-இல் இயேசு தம்மைப் பற்றியே சொன்னது. அதே நிருபம் 5:3-இல் மூப்பரை மந்தையின்மேல் இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, 5:5-இல் ‘நீங்களெல்லாரும்’ மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள் என்கிறது. அந்த ‘எல்லாரும்’ முன் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே திருமணத்தில் இந்த அதிகாரத்தை எடுப்பவர்கள் 1-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கலாம்; 31 வசனத்துக்கும் ஐந்து நிமிடம் போதும். கூடவே ரூத் 3:11. எபிரெய வேதாகமத்தின் பழைய பிரதியான லெனின்கிராட் சுவடியில் நீதிமொழிகள் முடிந்த கையோடு ரூத் புத்தகம் தொடங்குகிறது. வயலும் வேலைக்காரிகளும் கணவனும் இல்லாத, கதிர் பொறுக்கிப் பிழைத்த மோவாபியக் கைம்பெண் ஒருத்தியை அங்கே ஊரே ‘ஹயில்’ உள்ளவள் என்கிறது. பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமான பாட்டு இது என்ற சந்தேகம் அதோடு தீரும்.

31-ஆம் வசனத்தை ‘அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்’ என்பதோடு நிறுத்தி, சம்பளம் யார் கணக்கில் விழுகிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பிரசங்கத்தில் கேட்கலாம். குமரி மாவட்டத்தார்க்கு இது புதிய கேள்வி அல்ல. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பன் சொத்தில் மகனுக்குரிய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதையே மகளுக்கு ஸ்ரீதனமாக வைத்தது. 1986-இல் மேரி ராய் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அந்தப் பழைய சட்டம் நடப்பில் இருந்த ஊர்களிலும், வயல் வாங்கிய பெண்ணின் கவிதை இதே வேதாகமத்தில்தான் இருந்தது.

கடைசியாக ஒரு சொல். 23-ஆம் வசனத்தில் கணவன் மூப்பர்களோடே ‘நியாயஸ்தலங்களில்’ உட்கார்ந்திருக்கிறான். 31-ஆம் வசனத்தில் அவளுடைய செய்கைகள் ‘வாசல்களில்’ அவளைப் புகழ்கின்றன. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், ‘ஷெஆரிம்’: பட்டணத்து வாசல்கள். வழக்கு தீர்ப்பதும், போவாஸ் பத்து மூப்பரை உட்காரவைத்து நிலப் பேச்சை முடித்ததும் அங்கேதான். தமிழில் அவனுக்கு நியாயஸ்தலம் கிடைத்தது. அவளை வீட்டு வாசலில் நிற்பவளாக நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.