எழுதியவரின் பெயரையும் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்துப் பண்பலை வானொலிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஒக்டோபர் 8ஆம் திகதி இரவு, உங்களில் ஒரு நிலையத்தில் ‘தூங்காதே தம்பி தூங்காதே’ போனது. “எம்.ஜி.ஆரின் தத்துவப் பாடல்” என்று சொல்லிவிட்டு அறிவிப்பாளர் அடுத்த நேயரிடம் போய்விட்டார். அதை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959இல் அவர் இறந்ததும் அதே ஒக்டோபர் 8இல்தான்.

உடனே நிலையத்துக்கு அழைத்தேன். “எல்லாப் பெயரும் சொல்ல நேரம் காணாது ஐயா” என்றார்கள்.

1990களில் இங்கே மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்பா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் இருந்து வரும் கரண்டில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் பாட்டும் தேய்ந்துவிடும். பிறகு நான் சுற்றுவேன். அப்படிக் கேட்ட இலங்கை வானொலியில் படம், இசை, பாடியவர்களோடு இயற்றியவரின் பெயரும் வரும். பட்டுக்கோட்டையார் என்று கேட்டதும் அப்பா எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு இன்னும் வேகமாகச் சுற்றுவார். கண்ணதாசன், மருதகாசி என்ற பெயர்களும் எனக்கு அந்த முற்றத்தில்தான் பாடமாகின.

இன்று மின்சாரம் இருக்கிறது, பெயர்தான் இல்லை. நகைக்கடை விளம்பரத்தை மணிக்குப் பல தரம் போட நேரம் இருக்கிறதே, இரண்டு சொல்லுக்கு இல்லையா?

வயலில் வேலை செய்து, மாடு மேய்த்து, உப்பளத்திலும் உழைத்த மனிதர் அவர். 29 வயதில் போய்விட்டார். 1961இல் ‘திருடாதே’ படம் வந்து, அவர் எழுதிய ‘திருடாதே பாப்பா திருடாதே’ ஊரெல்லாம் ஒலித்தபோது கேட்க அவர் இல்லை. அந்தப் பெயரையும் நாங்கள் விட்டுவிட்டால் எப்படி?

பழைய ஆட்களின் கதை மட்டுமல்ல இது. இங்கே குறும்படங்களுக்கும் இசைத்தொகுப்புகளுக்கும் எழுதுகிற எங்கள் பிள்ளைகளின் பாட்டைப் போடும்போதும் பாடியவரோடு நிறுத்திவிடுகிறீர்கள். எழுதிய பிள்ளையின் தாய் றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து அந்தப் பெயருக்காகக் காத்திருப்பாள் என்று ஒருதரமாவது நினைத்தீர்களா?

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவிரவாக நிலையத்தில் இருந்து உழைக்கிற தம்பி தங்கச்சிமாரில் எனக்குக் குறை இல்லை. பாடல் பட்டியலில் எழுதியவருக்கும் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுங்கள், அவர்கள் வாசிப்பார்கள். பாட்டைப் போடுமுன் எழுதியவரின் பெயரையும் சொல்லுங்கள். தயவுசெய்து இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் நேயர் ஒருவர்