உத்திரமேரூருக்கு உரிய புகழ்: ஒரு திறந்த மடல்

மேடைகளிலும் ஏடுகளிலும் உத்திரமேரூரைப் பற்றிப் பேசியும் எழுதியும் வரும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள இச்சிற்றூரை ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்னும் ஒரே தொடரால் நாடறியச் செய்துவிட்டீர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இவ்வூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். ஊர் புகழ்பெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், இல்லாத பெருமைக்காகப் புகழப்படுவதால் இருக்கிற பெருமை மறைந்துபோகிறது என்பதே என் வருத்தம்.

வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சொல்வது வாக்களிப்பை அன்று. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது பணிக்குழுக்களுக்கு, ஆள் தேர முப்பது குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, வேறுபாடு அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அவ்வோலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கூட விதித்தார்கள். வரி செலுத்தும் கால் வேலி அளவு நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் கொண்ட, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களின் பெயர்களே குடத்துக்குள் சென்றன. அந்த நிலத்தை உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ‘முதல்’ என்பதும் பொருந்தாது: சபை உறுப்பினர்க்குரிய தகுதிகளை வகுத்த திருநெல்வேலி மானூர்க் கல்வெட்டு இதற்கு ஏறத்தாழ நூறாண்டு மூத்தது, ஓலைக் குடத்தையோ அகநானூற்றின் 77ஆம் பாடலே உவமையாக்கியிருக்கிறது.

உத்திரமேரூர்ச் சபையார் எண்ணிப்பார்த்து எழுதியது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனோடு அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் எனச் சுற்றத்தார் பலருக்கும் அதே தடை. (மைத்துனனை முன்னிறுத்திப் பின்னாலிருந்து ஆளும் கலை அன்றே தெரிந்திருந்தது போலும்.) வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர மூன்றாண்டு இடைவெளியும் வேண்டும். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் ஊர்ச்சொத்தைக் கையாண்டவை ஆதலின், இவ்வளவு ஐயுறவு அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மாணவர்களை அந்தக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, ‘உலகின் முதல்’ என்பதை விட்டுவிட்டு, கணக்குக் காட்டாதவனின் உறவினர் பட்டியலை ஒருவர் விடாமல் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசகன் ஒருவன்