பசியாறியாச்சா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜ் போடத்தான் இரண்டு தடவை அந்த மைக்கை அமுக்கினேன், குரல் வரவில்லை, அதனால் உட்கார்ந்து டைப் செய்கிறேன். மெதுவாகப் படி. அப்பாவுக்கும் அக்காவுக்கும் இதைக் காட்டவில்லை.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான். லிப்ட் மறுபடி பழுது, ஆறு மாடியும் ஏறித்தான் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. அக்கா மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கோலாலம்பூரில், நம் செந்தூலில் தினமும் நாலு மணிக்கு மழை. அங்கே மெல்பர்னில் நேற்று ராத்திரி 4 டிகிரி என்று போன் காட்டியது. உன் ஊரையும் போனில் சேர்த்து வைத்திருக்கிறேன், காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். கம்பளி இருக்கிறதா? நல்ல கம்பளியாக வாங்கிக்கொள், மலிவாகக் கிடைக்கிறதென்று மெல்லிசாக வாங்காதே.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் ராத்திரி கோயில் அக்காமார்களோடு நானும் மஸ்ஜித் இந்தியா பக்கம் தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறேன். நீ படிக்கும் காலத்தில் போனாயே, அதே மாதிரி. 2014-இல் லாட் 10 கடைவளாகத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாரும் இலவசச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அமைச்சர் அறிவித்தபோது, நீ சோற்றில் கையை வைத்துக்கொண்டே கத்தினாய், பசிக்கிறவனுக்குச் சோறு போடுவதும் குற்றமா என்று. வேலை செய்யாமல் திரிகிறவனுக்கு எதற்குச் சோறு என்று அப்பா சொன்னார். நான் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை. அதை உன்னிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கீழே எழுதுகிறேன், எழுத முடிந்தால்.

சோறு, சாம்பார், முட்டை சம்பல், ஒரு வாழைப்பழம். 150 பொட்டலம் கொண்டுபோனால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முதல் வாரம் நான் எதிர்பார்த்தது வேறு. குடித்துவிட்டுக் கிடக்கிறவர்கள் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தவர்களில் ஒருவர் செக்யூரிட்டி யூனிபார்மில் இருந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை, சம்பளம் வருகிறது, ஊருக்குப் பணம் அனுப்பியபின் அறை வாடகைக்கு மிஞ்சுவதில்லை, கடைகளின் அஞ்சடி நடைபாதையில் படுத்து எழுந்து அங்கிருந்தே வேலைக்குப் போகிறார். ஒரு பையன் வந்தான், உன் வயசுதான் இருக்கும். தேய்த்த சட்டை, காதில் இயர்போன். யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பொட்டலத்தை வாங்கி, தேங்க்யூ ஆண்ட்டி என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எங்களோடு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வருகிறார், வேனில் போகும்போது படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். ஐ.நா. கணக்கில் 2024-இல் உலகம் முழுக்க சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்களாம். 2022-இல் மட்டும் 105 கோடி டன் சாப்பாடு வீணாகியிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் வீட்டு அடுப்படிகளில் போனது. அதைக் கேட்டதிலிருந்து நான் பழைய சோற்றைக் கொட்டுவதில்லை. தைப்பூசத்தில் பத்துமலையில் பந்தல் பந்தலாகச் சாப்பாடு கொடுப்பதும், சாயங்காலம் பாதி தின்ற தட்டுகள் குவிந்து கிடப்பதும் நீயும் பார்த்ததுதானே.

சோறு இல்லாமலா பசிக்கிறது என்று டீச்சரிடம் கேட்டேன். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பற்றிச் சொன்னார். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது அவர் ஒன்பது வயதுப் பையன், கண்ணால் பார்த்தவர். படித்துப் பெரியவரானபின் கணக்கெடுத்துச் சொன்னாராம், அந்த வருஷம் அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை, விலை ஏறியது, கூலி ஏறவில்லை, கூலிக்காரர் கையில் வாங்கக் காசில்லை என்று. பாட்டி சொன்ன, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம் வேறு மாதிரி. அப்போது பர்மா அரிசி வரும் வழியே அடைபட்டுப்போய், ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தார்கள். 2024-இல் சூடானில் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று அறிவித்தார்களே, அங்கேயும் சண்டைதான் காரணம். நம் ஊரில் சண்டையும் இல்லை, அரிசிக்கும் பஞ்சமில்லை, கட்டி முடித்து விற்காமல் கிடக்கும் கொண்டோக்களுக்கும் பஞ்சமில்லை. அந்தக் கொண்டோவின் கீழே வீடில்லாதவர்கள் அட்டையை விரித்துப் படுக்கிறார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் இல்லத்தில் வைக்க 1977-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதனால் வேன் சத்தம் கேட்டாலே சிலர் எழுந்து ஓடுகிறார்கள். எங்கள் வேனைப் பார்த்தும் ஒரு கிழவர் ஓடினார். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டித்தான் நிறுத்தினோம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் வெறும் காப்பியோடு போகாதே. அரிசியும் பருப்பும் இருந்தால் போதும், ஒரு சட்டியில் பொங்கிவிடலாம், அதற்கு ஒரு அடுப்பு வேண்டும், சரி.

சௌக்கிட் பக்கத்தில் ஜாலான் ராஜா ஆலாங்கில் சீக்கியர்களின் குருத்துவாரா இருக்கிறதே, அங்கே யார் போனாலும் உட்கார வைத்துச் சப்பாத்தியும் பருப்பும் போடுவார்கள். பெயர் கேட்க மாட்டார்கள், சாதி, மதம் எதுவும் கேட்க மாட்டார்கள், தலையில் ஒரு துணி போட்டுக்கொண்டால் போதும். உலகத்தில் எந்த ஊர் குருத்துவாராவிலும் அப்படித்தானாம். மெல்பர்னிலும் இருக்கிறது, கூகுள் மேப்பில் நானே தேடிப் பார்த்தேன், கிரேகிபர்னில் ஒன்று, பிளாக்பர்னில் ஒன்று. சும்மா தெரிந்து வைத்துக்கொள். நாங்கள் வந்திருந்தபோது நீ கூட்டிப்போன கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் போய் வா. நாலு தமிழ் முகத்தைப் பார்த்த மாதிரியும் இருக்கும்.

2021-இல் ஊரடங்கு நேரத்தில், சாப்பாட்டுக்கு உதவி வேண்டுமென்று வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்களே, நினைவிருக்கிறதா, நீ அங்கிருந்து படம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய். நம் பிளாக்கில் மூன்றாம் மாடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அரிசி, முட்டை, சாடின் மீன் டின் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். நான் படி இறங்கியபிறகுதான் கதவு திறந்தது. வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை, துணி கட்டினால் போதும், அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. கேட்பதுதானே கஷ்டம். பெற்றவளிடம் கேட்பது அதைவிடக் கஷ்டம் போலிருக்கிறது.

போன மாதம் குளிர்ச் சட்டையும் பருப்புப் பொடியும் அனுப்ப முகவரி கேட்டேன். நண்பன் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள் என்றாய். அதற்கு முன்பு, அனுப்பவே வேண்டாம் என்றாய். அப்பா இபிஎப் சேமிப்புப் பணத்தை எடுத்து உன்னைப் படிக்க அனுப்பியது இதற்காகவா, முகவரிகூடச் சொல்லாத அளவுக்கு நாங்கள் யார் என்று கோபம் வந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன். இரண்டு நாள் உன்னைக் கூப்பிடவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

அப்புறம் டீச்சரிடம் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டேன், பொதுவாகக் கேட்கிற மாதிரி. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வீடில்லாதவர்கள் 122,494 பேர். அதில் வெளியிலும் கூடாரங்களிலும் படுத்தவர்கள் எட்டாயிரம்கூட இல்லை. மற்றவர்கள் நெருக்கியடித்த அறைகளிலும் விடுதிகளிலும் தெரிந்தவர் வீட்டு சோபாவிலும் இருப்பவர்கள். சோபாவில் படுப்பதையும் வீடில்லாமை என்றுதான் அந்த நாட்டில் எண்ணுகிறார்கள். அதனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லட்சம் பேருக்கு நடப்பது ஒருத்தன் செய்த தப்பாக இருக்க முடியாது. வாடகை ஏறுகிறது, வேலை போகிறது, நண்பன் வீட்டில் இரண்டு வாரம், இன்னொருத்தன் வீட்டில் ஒரு வாரம்.

நீ வீடியோவில் வந்தாயே, காரிலிருந்து. இப்போதுதான் வேலை முடிந்தது என்றாய். சீட்டைச் சாய்த்தபோது பின்சீட்டில் ஒரு தலையணை தெரிந்தது. நீலப் பூப்போட்ட உறை. அது நான் தைத்தது, தம்பி.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லிச் சமாளிப்பாய், நானும் நம்பிய மாதிரி இருந்துவிடுவேன், எனக்கு அது பழக்கம். அதைத்தான் எழுத வந்தேன்.

உன் சித்தப்பா ஜொகூருக்கு வேலைக்குப் போனார் என்றுதானே உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் அப்படித்தான் தெரியும். அவர் போகவில்லை.

1998-இல் கட்டட வேலையெல்லாம் நின்றுபோனது. சித்தப்பாவின் சைட்டும் நின்றது, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஒரு பையோடு நம் வீட்டுக்கு வந்தார். ஹாலில் பாய் போட்டுப் படுப்பார், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போவார். முதல் இரண்டு மாதம் நான் மனசாரத்தான் சமைத்தேன். ஐந்தாவது மாதம் டின்னில் அரிசி இறங்குவதை அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தோட்டத்தை விற்றபோது, தாத்தாவும் பாட்டியும் நாற்பது வருஷம் பால் வெட்டிய இடத்தில் லயத்து வீட்டைக் காலி செய் என்று சொன்னார்களே, அன்றைக்கு நான் சாமான்களோடு லாரியில் உட்கார்ந்து வந்தவள். இந்த வீட்டை யாரும் அசைத்துவிடக் கூடாதென்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அது காரணம்தான், மன்னிப்பு ஆகாது.

பசியாறியாச்சா என்று கேட்பேன். ஆச்சு அண்ணி, வெளியே சாப்பிட்டேன் என்பார். கையில் ஐம்பது காசு இல்லாதவர் வெளியே எங்கே சாப்பிடுவார்? எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பதில் எனக்குச் சௌகரியமாக இருந்தது, தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஒருநாள் அப்பா நைட் ஷிப்ட். பெரியம்மாவோடு போனில் பேசும்போது, வேலை கிடைத்தால் இருக்கட்டும், இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் என் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்துப் போடுவது என்று சொன்னேன். ஹாலில் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. காலையில் பாய் மூலையில் நின்றது, அவர் இல்லை. அப்பாவிடம் ஜொகூர் கதையைச் சொன்னது நான்தான்.

மறு வருஷம் ஈப்போ பஸ்ஸுக்காக புடு ராயா பஸ் நிலையத்துக்குப் போனோம், நீயும் நானும். தூணோரமாக அட்டையில் படுத்திருந்தார். நீதான் முதலில் பார்த்தாய். சித்தப்பா என்றாய், சத்தமாக. அவர் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத் தலைகுனிவு வேண்டாமென்று திரும்பினார், அது எனக்குப் புரிந்தது. அது வேறு யாரோ என்று சொல்லி உன் கையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றினேன். ஈப்போ போய்ச் சேரும் வரைக்கும் நீ கேட்டுக்கொண்டே வந்தாய். திரும்பி வந்ததும் தூக்குச் சட்டியில் சோறும் கோழிக்குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். நாலு நாள் போனேன். அந்த அட்டைகூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா கதவோரம் அப்படியே உட்கார்ந்தது. ஜொகூரிலிருந்து இவன் எப்போது இங்கே வந்தான் என்று அப்பா இன்றைக்கும் படையல் போடும்போது கேட்கிறார். இந்த வாரம் அவரிடம் சொல்லப்போகிறேன். நீ சோற்றில் கையை வைத்துக்கொண்டு கத்தியபோது நான் ஏன் அடுப்படிக்குப் போனேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பின்லாந்தில் 2008-லிருந்து வேறு முறையாம். வீடில்லாதவர் கையில் முதலில் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை, குடி, கடன் எல்லாம் வீட்டுக்குள் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். 2022-இல் அந்த நாடு முழுக்க வீடில்லாதவர்கள் 4,000 பேருக்கும் குறைவு. டீச்சர் இதைச் சொன்னபோது நான் வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் முதலில் வேலையைக் கேட்டவள்.

உன் அறையில் இருந்த தையல் மெஷினை வெளியே எடுத்துவிட்டேன். மெத்தைக்கு வேறு உறை போட்டாச்சு. சாவி உன்னிடம் இருக்கிறது, பூட்டை மாற்றவில்லை. உன் மேபேங்க் கணக்கில் 1,500 வெள்ளி போட்டிருக்கிறேன், அது நான் குத்துச் சீட்டு கட்டிச் சேர்த்த பணம், அப்பாவுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பாதே. டிக்கெட்டுக்கு வேண்டுமானால் டிக்கெட்டுக்கு, அங்கேயே இருக்க வேண்டுமானால் ஒரு அறைக்கு முன்பணம். எது என்று நான் கேட்கவில்லை. கம்பளி மட்டும் கனமாக வாங்கு.

இன்றைக்கு ராத்திரி வழக்கம்போலக் கேட்டு அனுப்புவேன், பசியாறியாச்சா என்று. ஆச்சு என்று மட்டும் எழுதாதே. என்ன சாப்பிட்டாய், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று எழுது. எங்கேயாக இருந்தாலும் எழுது.

அம்மா